அரைக்கல்

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்
தமிழ்நாட்டு டவர்.
குளியலறைப் பக்கம் போனால்
ஆந்திரா வரவேற்கும், குறுஞ்செய்தியில்.
இரண்டுக்கும் நடுவே, அரிசி மூட்டைமேல்
லேப்டாப்பை வைத்துக்கொண்டு
ஸ்ரவந்தியின் தாவணி விழாப் படத்தைத்
துண்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

குறுக்கே ஏழு, நெடுக்கே ஐந்து.
இடைவெளி எட்டுப் பிக்சல்.
முதல் கோடு சரியாகப்
பெண்ணின் மூக்குத்திமேல் விழுந்தது.
வலையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்,
புரோகிதருக்கு ஒரு கண் போயிற்று.
அவர் பரவாயில்லை.
ஒவ்வொரு சதுரத்துக்கும் விளிம்பில் ஒரு மேடு,
அடியில் மூன்று பிக்சல் நிழல்.
நாலைந்தை மட்டும் இரண்டு டிகிரி சாய்த்தேன்,
கை தவறி ஒட்டியதுபோல.
பின்னணிக்குச் சுண்ணாம்பு வெள்ளை.

அக்கா செஞ்சுலட்சுமி குவைத்தில் இருக்கிறாள்.
யாரோ வீட்டு இரட்டைக் குழந்தைகளுக்கு
முட்டை உரித்துக்கொடுக்கிறாள்.
லீவு கிடைக்கவில்லை.
விழா முழுக்க ஒரு செல்பேசி வழியாகப் பார்த்தாள்,
அதுவும் பாதி நேரம்
சாம்பார் வாளியைப் பார்த்துக் கிடந்தது.
அப்போது பிடித்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டில்
ஓரமாக அவள் முகம், கட்டைவிரல் நகமளவு.
அதை எடுத்து
வலது கீழ் மூலையில் பொருத்தினேன்.
இழுத்துப் பெரிதாக்கியபோது
அவளை நான் வெட்ட வேண்டியிருக்கவில்லை.
தானே கட்டம் கட்டமாகப் பிரிந்தாள்.
பழுப்பில் பல, கறுப்பில் சில,
பொட்டு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரே ஒரு சிவப்புச் சதுரம்.

பெஞ்சலய்யா பாவா வேலை முடிந்து வந்தார்.
தடாவில் யாரோ கட்டும் லாட்ஜுக்குத்
தரை ஒட்டுகிறார், நாலாவது மாடி.
முழங்கால் இரண்டிலும் காய்ந்த சிமெண்ட் பால்.
என்ன இது என்றார். மொசைக் என்றேன்.
"மொசைக்கா? அதுக்கு மிஷின் போட்டு
மூணு நாள் தேய்க்கணும்."
குனிந்து பார்த்தார்.
"சந்து விட்டிருக்க. நல்லது.
நெருக்கி ஒட்டினா சித்திர வெயில்ல
ஒண்ண ஒண்ணு தள்ளித் தூக்கிடும்.
நடுராத்திரி படார்னு கேக்கும்,
குடியிருக்கறவன் திருடன்னு எந்திரிப்பான்."
சாய்ந்த நாலைந்தைக் காட்டி
யார் மேஸ்திரி என்றார். சிரிக்கவில்லை.

பிறகு மூலையில் விரல் வந்தது.
"இது யாரு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் திரையின் வெளிச்சம் மட்டும்
அவர் முகத்தில் இருந்தது.
"மூலைக்கு வெட்டுக்கல்லத்தான் போடுவோம்,
மிஞ்சின அரைக்கல்லு.
கதவத் திறந்தா மறைஞ்சிடும்னு.
அவள அங்கயா போடுவ?"

நடுவில் இடமில்லை, பாவா.
நடுக்கட்டத்தில் இருப்பது உங்கள் தோள்தான்,
புதுச் சட்டை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை,
மகள் தலைக்குப் பின்னால்.

"அதப் பேத்துடு."

பேர்த்தேன்.
டெலீட் பட்டனில் உளிச் சத்தம் கிடையாது.
அவர் கை கால் கழுவப் போனார்.
உள்ளே, அவர் சட்டைப்பையில்
ஆந்திரா வரவேற்றது.

பத்தரைக்கு அனுப்பினேன்.
நீலக்கோடு விழ ஒரு மணிக்குமேல் ஆயிற்று,
அங்கே இரட்டையர் தூங்கியிருப்பார்கள்.
அப்புறம் வரிசையாக மூன்று குரல் செய்தி.
ஒன்றில், பூஜடை யார் பின்னியது,
கனகாம்பரம் ஏன் அவ்வளவு குறைச்சல்.
ஒன்றில் ஏசி இரைச்சல் மட்டும், நாற்பது வினாடி.
தன் முகத்தைப் பற்றி எதிலும் ஒரு சொல் இல்லை.
கடைசியில்,
தொண்டையைச் செருமிக்கொண்டு,

"எல்லாம் சரிதான்டி.
அவரு தோளத் தூக்கி எங்க வெச்ச?"